‘உங்கள் பிள்ளைகள் எப்படியும் தேறிவிடுவார்கள்’ என்று பள்ளி சொன்னால்

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். கணவர் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். நியூ ஜெர்சியில் குடியிருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. மகன் பேச்சில் கெட்டிக்காரன். ஆனால் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆகிறது. எழுத்துகளை விட்டுவிட்டுப் படிக்கிறான். வீட்டுப்பாடம் முடிப்பதற்குள் தினமும் அழுகைதான். ஆசிரியையிடம் சொன்னேன். “ரொம்ப அமைதியான, நல்ல பையன். உங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் எப்படியும் தேறிவிடுவார்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். கணவர் இது வெறும் சோம்பேறித்தனம், இன்னொரு டியூஷன் போடலாம் என்கிறார். பரிசோதனை கேட்டால் பிள்ளைமேல் முத்திரை குத்திவிடுவார்கள், கிரீன் கார்டுக்கும் இடைஞ்சல் வரும் என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன வாரம் நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, “நாம யார்கிட்டயும் கை நீட்டல, உழைச்சு மேல வந்தோம். மத்தவங்களுக்கு மட்டும் எதுக்கு அரசாங்க உதவி?” என்று பேச்சு போனது. மகள் குறுக்கே வந்து, “இதுதான் மாடல் மைனாரிட்டி கட்டுக்கதை, நம்மள முன்மாதிரிச் சிறுபான்மைன்னு காட்டுற கதை. நம்மளக் காட்டி மத்தவங்கள மட்டம் தட்டுறாங்க” என்று சண்டைக்கு நின்றாள். அப்பாவும் மகளும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நம்மை நல்ல சமூகம் என்று சொல்வதில் என்ன தப்பு? எனக்கு விளங்கவில்லை.

– ஒரு தாய், நியூ ஜெர்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகன் விஷயம். நாள் தள்ளக்கூடாதது அதுதான்.

நான் இங்கே பொதுப் பள்ளிகளில் சமூகப்பணியாளராக வேலை பார்க்கிறேன். சைல்ட் ஸ்டடி டீம் என்று நியூ ஜெர்சிப் பள்ளிகளில் ஒரு குழு இருக்கும். உளவியலாளர், கற்றல் குறைபாடுகளைக் கண்டறியும் ஆசிரியர், சமூகப்பணியாளர் மூவரும் அதில் இருப்பார்கள். உங்கள் மகனைப் பார்க்காமல் அவனுக்கு என்ன என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் பேச்சில் கெட்டிக்காரன், வாசிப்பில் மட்டும் திணறுகிறான், எழுத்துகள் விட்டுப்போகின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புக் குறைபாடு உண்டா என்று பார்த்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அறிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சோம்பேறித்தனத்துக்கும் சம்பந்தம் இல்லை. சோம்பேறிப் பிள்ளை தினமும் உட்கார்ந்து அழுதுகொண்டே வீட்டுப்பாடத்தை முடிக்காது. இதை உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஆசிரியையிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது. உங்கள் ஊர்ப் பள்ளி நிர்வாகத்தின் சிறப்புக் கல்விப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். ‘என் மகனுக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று முழுமையாகப் பரிசோதிக்க வேண்டுகிறேன்’ என்று நேரடியாக ஒரு வாக்கியம், அதற்குக் கீழே நீங்கள் எனக்கு எழுதிய அதே விவரங்கள், தேதி, கையெழுத்து. இது ஐடியா (IDEA) என்று சுருக்கமாகச் சொல்லப்படும், குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான மத்திய அரசுச் சட்டம் தரும் உரிமை. இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த 20 நாட்களுக்குள் உங்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது நியூ ஜெர்சி விதி. பரிசோதனைக்கு நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டால் 90 நாட்களுக்குள் எல்லாம் முடிய வேண்டும். முடியாது என்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை எதிர்த்து மேலே போகவும் வழி இருக்கிறது. பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு மொழி பேசும் பிள்ளை என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் சோதிக்க வேண்டும். ஆங்கிலம் பிந்திக் கற்றதால் வந்த தடுமாற்றமா, உண்மையான குறைபாடா என்று பிரித்துப் பார்ப்பது அவர்கள் பொறுப்பு.

சரி, அந்த ஆசிரியை ஏன் அப்படிச் சொன்னார்? கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். பாராட்டாகவே சொல்லியிருப்பார். உங்கள் மகளின் கேள்வியும் மகனின் கஷ்டமும் ஒன்றுசேரும் இடம் இதுதான். ஒரு கறுப்பினப் பையனோ லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பையனோ இதே போலத் திணறினால் அவன்மேல் வேறு விதமான முன்முடிவு விழுகிறது. கவனம் இல்லாதவன், குடும்பம் சரியில்லை என்று சீக்கிரமே பேச ஆரம்பித்துவிடுவார்கள். நம் பிள்ளை என்றால், ‘தேறிவிடுவான்’. இரண்டு பக்கமும் முன்முடிவுதான். இரண்டிலும் அந்தக் குறிப்பிட்ட பிள்ளையை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. 2021–22 கல்வியாண்டில் அமெரிக்கப் பொதுப் பள்ளி மாணவர்களில் 15 விழுக்காட்டினர் சிறப்புக் கல்வி பெற்றார்கள். கறுப்பின மாணவர்களில் அது 17 விழுக்காடு, ஆசிய மாணவர்களில் 8. ஆசியக் குழந்தைகளுக்குக் குறைபாடே குறைவாக வரும் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டில் கூச்சம், பள்ளியில் ‘அமைதியான பிள்ளை’ என்ற எண்ணம், இரண்டும் சேர்ந்து எத்தனையோ பிள்ளைகள் கண்ணில் படாமலே போய்விடுகிறார்கள் என்பது நான் வேலையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நல்ல சமூகம் என்று சொல்வதில் என்ன தப்பு?

அந்தப் பாராட்டு எப்போது, எதற்காக வந்தது என்று பார்த்தால் விளங்கிவிடும். 1966 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸின் வார இதழில் வில்லியம் பீட்டர்சன் என்ற சமூகவியலாளர் ஜப்பானிய அமெரிக்கர்களின் வெற்றியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இவ்வளவு பாகுபாட்டைத் தாண்டி, குடும்ப ஒழுக்கத்தாலும் உழைப்பாலும் தாங்களாகவே மேலே வந்துவிட்டார்கள் என்பது அதன் சாரம். முன்னேறாமல் பிரச்சினையாகவே நிற்கும் சிறுபான்மையினர் என்று ஒரு தரப்பை எதிரில் நிறுத்தித்தான் அந்தப் பாராட்டு எழுதப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் யு.எஸ். நியூஸ் பத்திரிகை சீன அமெரிக்கர்களைப் பற்றி அதே மாதிரி எழுதியது. அது இன்னும் பச்சையாகவே சொன்னது: கறுப்பின மக்களையும் மற்றச் சிறுபான்மையினரையும் கைதூக்கிவிட பல்லாயிரக்கணக்கான கோடி டாலர் செலவு செய்ய வேண்டும் என்று பேசுகிறார்களே, சீனர்கள் யார் உதவியும் இல்லாமல் முன்னேறிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1964இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம். 1965இல் வாக்குரிமைச் சட்டம். அதே 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் பெரும் கலவரம். அடிமைமுறையும் அதற்குப் பின் வந்த நூறு ஆண்டு இனப் பிரிவினையும் செய்த சேதத்துக்கு அரசு என்ன செய்யப்போகிறது என்று கறுப்பின மக்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரம். லிண்டன் ஜான்சன் அரசு வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரம் பார்த்து, ‘இவர்களைப் பார், கேட்காமலே முன்னேறவில்லையா?’ என்று ஒரு பதில் தேவைப்பட்டது. ஆசியர்கள் அந்தப் பதிலாக ஆக்கப்பட்டார்கள். உங்கள் மகள் சொன்னது கோபத்தில் சொன்னது என்றாலும் வரலாற்றுப்படி சரி.

அந்தக் கட்டுரைகள் பாராட்டிய மக்களுக்கு அதற்கு முன்பு என்ன நடந்தது? 1942இல் ஜப்பானோடு போர் நடந்தபோது சுமார் 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்களை வீட்டையும் கடையையும் நிலத்தையும் விட்டுத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பினார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். 1966இல் அது மறந்துபோகும் அளவுக்குப் பழைய கதை இல்லை. முகாமில் குழந்தையாக இருந்தவர்கள் அப்போதுதான் வேலைக்குப் போகும் வயதில் இருந்தார்கள். அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. பல ஆண்டுகள் போராடி 1988இல் மன்னிப்பும், உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் இழப்பீடும் பெற்றார்கள். அரசிடம் எதையும் கேட்காத சமூகம் என்று புகழப்பட்டவர்கள், தங்களுக்கு நடந்த அநியாயத்துக்கு அரசைப் பொறுப்பேற்கச் சொல்லி, வாங்கியும் காட்டினார்கள். இதை நம் கூடுகைகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி நம் கதை. ‘உழைச்சு மேல வந்தோம்’ என்று உங்கள் வீட்டில் சொன்னார்களே, அதில் பொய் இல்லை. உங்கள் கணவர் உழைத்தார் என்பதை யாரும் மறுக்கக் கூடாது, மகளும் மறுக்கக் கூடாது. ஆனால் அந்த வாக்கியம் பாதிக் கதையை விட்டுவிடுகிறது. 1923இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1946இல் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள்: வருடத்துக்கு 100 இந்தியர். 1965 அக்டோபரில் புதிய குடியேற்றச் சட்டம் வந்த பிறகுதான் நாம் எண்ணிக்கையில் வர ஆரம்பித்தோம். அந்தச் சட்டம் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில் பிறந்தது. இனப் பாகுபாட்டை உள்நாட்டில் ஒழித்துக்கொண்டே குடியேற்றத்தில் மட்டும் வைத்திருப்பது எப்படி என்ற கேள்வி எழாமல் இருந்திருந்தால் அது வந்திருக்காது. நாம் வந்திறங்கிய வாசலை நமக்கு முன்னால் அடிவாங்கியவர்கள் திறந்துவிட்டார்கள். இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. நடந்தது இது.

அப்புறம், யார் வந்தார்கள்? டாக்டர்கள், பொறியாளர்கள், விஞ்ஞானிகள். பிறகு 1990 சட்டம் தந்த எச்-1பி வழியாகக் கணினி படித்தவர்கள். இந்தியாவில் பட்டம் படித்தவர்கள் பெரியவர்களில் பத்தில் ஒருவர் அளவுதான். அமெரிக்காவில் வாழும் இந்தியர்களில் நான்கில் மூன்று பேர் பட்டதாரிகள். இங்கே வந்தபின் நம் பண்பாட்டால் படித்துவிடவில்லை. படித்தவர்களைப் பொறுக்கி எடுத்து விசா கொடுத்தார்கள். ஊரிலேயே நுழைவுத்தேர்விலும் கல்லூரியிலும் ஒருமுறை வடிகட்டி, வேலையில் ஒருமுறை வடிகட்டி, விசாவில் இன்னொரு முறை வடிகட்டி வந்தவர்களை, பிறந்த நாட்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பள்ளியும் வீட்டுக்கடனும் மறுக்கப்பட்டவர்களோடு பக்கத்தில் நிறுத்தி, ‘இவர்கள் ஜெயித்தார்களே’ என்று கேட்பது நியாயமான ஒப்பீடு ஆகாது.

உங்கள் கணவர் எங்கே படித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அவருடைய தலைமுறைத் தமிழ்நாட்டுப் பொறியாளர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ கொஞ்ச நாளாவது உட்கார்ந்தவர்கள். மதியம் சத்துணவு சாப்பிட்டவர்கள், அரசு பஸ்ஸில் இலவச பாஸ் வைத்துப் போனவர்கள், இடஒதுக்கீட்டில் கல்லூரி இடம் பெற்றவர்கள் எத்தனையோ பேர் இன்று நியூ ஜெர்சியில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பற்றி ‘தகுதி’ வாதம் பேசியவர்களுக்கு நாம் என்ன பதில் சொன்னோமோ, அதையே இங்கே மறந்துவிட்டுப் பேசுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. கை நீட்டியிருக்கிறோம். கொடுத்த கை அங்கே இருந்தது என்பதால் இங்கே அது தெரிவதில்லை.

இங்கேயும் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறோம். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையர் பட்டியலில் சேர்த்து எண்ணினார்கள். எங்களைத் தனியாக எண்ணுங்கள் என்று இந்தியச் சங்கங்கள் கேட்டுப் போராடி, 1980 கணக்கெடுப்பில் ‘ஆசிய இந்தியர்’ என்ற தனிப் பிரிவு வந்தது. 1982இல் சிறுதொழில்களுக்கான மத்திய அரசு உதவித் திட்டத்தில் பின்தங்கியோர் பட்டியலிலும் இந்தியர்களைச் சேர்க்க வைத்தார்கள். அதில் தப்பே இல்லை. பாகுபாடு இருந்தது, கேட்டார்கள், கிடைத்தது. அதை மற்றவர் கேட்கும்போது மட்டும் கேவலமாகப் பார்ப்பதுதான் தப்பு.

சமூகக் கொள்கையில் இந்தப் பாராட்டு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டுச் சண்டையில் இது வந்திருக்காது.

பள்ளிக்கூட அறிக்கை ஒன்றை எடுத்துப் பாருங்கள். உங்கள் மாவட்டத்துடையது இணையத்திலேயே கிடைக்கும். தேர்ச்சி விகிதத்தில் வெள்ளையர், கறுப்பினர், ஹிஸ்பானிக், ஆசியர் என்று வரிசைகள் இருக்கும். ‘ஆசியர்’ வரிசை பெரும்பாலும் மேலே நிற்கும். அந்த ஒரே வரிசைக்குள் எச்-1பியில் வந்த பொறியாளரின் மகள் இருப்பாள், தாய்லாந்து அகதி முகாமிலிருந்து வந்த, பர்மாவின் கரென் இனத்துப் பையன் இருப்பான், பூட்டானிலிருந்து துரத்தப்பட்ட குடும்பத்தில், நேபாள முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளையும் இருக்கும். 2019 கணக்குப்படி இந்தியக் குடும்பங்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 1,19,000 டாலர். பர்மியக் குடும்பங்களுக்கு 44,400. நாடு முழுவதுக்கும் 61,800. பர்மியர்கள் நாட்டின் அளவுக்கும் வெகு கீழே இருக்கிறார்கள், ஆனால் நம் கணக்கோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் அவர்களும் பணக்காரர்கள். பட்டப்படிப்பிலும் அப்படித்தான். இந்தியர்களில் 75 விழுக்காடு, பூட்டானியர்களில் 15.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் நேபாளி பேசும் பூட்டானியப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். நேபாளி தெரிந்த உதவியாசிரியர் ஒருவர் வேண்டும் என்று கேட்டோம். மேலே இருந்தவர்கள் விண்ணப்பத்தைப் பார்த்தார்கள், பக்கத்தில் தேர்ச்சி அட்டவணையைப் பார்த்தார்கள். ‘ஆசிய மாணவர்கள் இலக்கைத் தாண்டித்தானே இருக்கிறார்கள்?’ என்று கேட்டார்கள். அதோடு விஷயம் முடிந்தது. அந்த அட்டவணையை உயர்த்திக் காட்டியது நம் வீட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண். யாருமே கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் நம் வெற்றியின் பெயரால் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்காமல் போனது. மாடல் மைனாரிட்டி என்ற எண்ணத்தின் விலை இப்படித்தான் ஏதோ ஒரு அலுவலகத்தில், ஒரு தாளில், சத்தமில்லாமல் கொடுக்கப்படுகிறது.

அதனால்தான் ‘பிரித்து எண்ணு’ என்பது இங்கே பெரிய கோரிக்கையாக இருக்கிறது. 1977இல் மத்திய அரசு வகுத்த பிரிவில் ஆசியரும் பசிபிக் தீவினரும் ஒரே பெட்டிக்குள் இருந்தார்கள். 1997இல் பசிபிக் தீவினரைப் பிரித்தார்கள். கலிபோர்னியா 2016இல் பொதுச் சுகாதாரத் தரவுகளை இனக்குழு வாரியாகப் பிரிக்கச் சட்டம் போட்டது. 2024 மார்ச்சில் மத்திய அரசின் விதியும் மாறி, ‘ஆசியர்’ என்பதற்குள் இந்தியர், சீனர், பிலிப்பினோ, வியட்நாமியர் என்று விவரமாகக் கேட்கச் சொன்னது. இதை எதிர்ப்பவர்களும் ஆசியர்களிடையே உண்டு. பிரித்து எண்ணினால் நம் பிள்ளைகளின் கல்லூரி இடத்துக்கு ஆபத்து என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எண்ணாமல் விட்டால் தேவைப்படுபவன் யார் என்றே தெரியாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கல்லூரி இடம் என்றதும் ஹார்வர்டு வழக்கை உங்கள் கணவர் சொல்லக்கூடும். ஆசிய விண்ணப்பதாரர்களுக்குப் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேல் 2014இல் தொடுத்த வழக்கு, 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இனத்தைக் கணக்கில் எடுக்கும் சேர்க்கைமுறை முடிந்தது. அந்த வழக்கில் ஒரு விவரம் வெளியே வந்தது. ஆசிய விண்ணப்பதாரர்களுக்குப் படிப்பில் மதிப்பெண் உயர்வாக இருந்தும், குணநலன் மதிப்பீட்டில் சராசரியாகக் குறைவாகவே கிடைத்திருந்தது. அதற்குப் பாகுபாடு காரணம் இல்லை என்று பல்கலைக்கழகம் வாதாடியது. நான் பள்ளியில் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்: ‘படிப்பாளி, அமைதியானவன், சொன்னதைச் செய்பவன்’ என்ற அதே பாராட்டு, கொஞ்சம் திரும்பினால் ‘தனக்கென்று எதுவும் இல்லாதவன், தலைமைக்கு ஆகாதவன்’ என்று ஆகிவிடுகிறது. பாராட்டை வாங்கிக்கொண்டு மறுபக்கத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடிவதில்லை. நம் பிள்ளைகளுக்கு நடந்தால் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குறையைச் சரிசெய்யச் சொல்வதற்குப் பதிலாக, கறுப்பின மாணவர்களுக்கு இருந்த வழியை மூட நம் பிள்ளைகளின் பெயர் பயன்பட்டது என்பது என் கருத்து. நம்மவர்களிடையே இதில் வேறு கருத்து உள்ளவர்கள் நிறைய, அவர்களோடு நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பாராட்டால் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. 1982இல் டெட்ராய்ட் பகுதியில் ஜப்பானியக் கார்கள் வந்து வேலை போகிறது என்ற ஆத்திரத்தில் வின்சென்ட் சின் என்ற சீன அமெரிக்க இளைஞரை அடித்தே கொன்றார்கள். அடித்தவர்களுக்கு மாநில நீதிமன்றம் தந்த தண்டனை நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும்தான். 2020இல் கொரோனா வந்தபோது தெருவில் ஆசிய முகங்களுக்கு என்ன நடந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம்.

வீட்டுக்குள் இது என்ன செய்கிறது என்பதையும் ஒரு தாயாக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 15 முதல் 24 வயதுவரை உள்ள ஆசிய அமெரிக்கர்களின் மரணத்துக்கு முதல் காரணம் தற்கொலை என்று அரசின் 2019 கணக்குச் சொல்கிறது. மனநல உதவியை நாடுவதில் ஆசியர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருக்கிறார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ‘நம்ம பசங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க’ என்ற வாக்கியத்துக்கு நடுவில் நன்றாக இல்லாத பிள்ளை எங்கே போய்ச் சொல்லும்? உங்கள் மகன் தினமும் அழுகிறான் என்று எழுதினீர்கள். அழுகிறவரை நல்லது, அவன் இன்னும் உங்களிடம் காட்டுகிறான். ‘நான் முட்டாள்’, ‘நான் இருந்து என்ன’ என்பதுபோல எப்போதாவது பேசினால் அன்றைக்கே பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள். 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

அப்பாவையும் மகளையும் எப்படிப் பேசவைப்பது? மகள் வரலாறு பேசுகிறாள், அப்பாவின் காதில் அது ‘உன் உழைப்பு பொய்’ என்று விழுகிறது. அதனால் புள்ளிவிவரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ‘உங்கள் படிப்புக்கு யாரெல்லாம் உதவினார்கள்?’ என்று மகளே அப்பாவிடம் கேட்கட்டும். ஃபீஸ் கட்டிய மாமா, டியூஷன் காசு வாங்காத வாத்தியார், ஹாஸ்டல் சலுகை, ஸ்காலர்ஷிப் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு பட்டியல் வரும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமைதான் இருக்கும், அவமானம் இருக்காது. உதவி வாங்கி முன்னேறுவது கேவலம் இல்லை என்று அவரே சொன்ன மாதிரி ஆகிவிடும். மகனுக்கு இப்போது தேவைப்படும் உதவிக்கும் அவர் மனம் அங்கிருந்துதான் திறக்கும் என்று நினைக்கிறேன். பரிசோதனைக் கூட்டத்துக்கு அவரும் கட்டாயம் வரட்டும்.

தோழிகள் சொன்ன பயங்களுக்குப் பதில். பொதுப் பள்ளியில் பிள்ளை பெறும் சிறப்புக் கல்வி கிரீன் கார்டு விஷயத்தில் அரசுக்குச் சுமை என்று இதுவரை எண்ணப்பட்டதில்லை. 1982இல் உச்ச நீதிமன்றம், முறையான ஆவணம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குக்கூடப் பொதுப் பள்ளி உண்டு என்று தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் முறையான விசாவில் இருப்பவர்கள். சிறப்புக் கல்வி பெற்றான் என்ற விவரம் கல்லூரிக்கு அனுப்பும் மதிப்பெண் பட்டியலில் வராது, அவனாக விரும்பிச் சொன்னால்தான் உண்டு. முத்திரையைப் பற்றி ஒன்று மட்டும்: காரணம் தெரியாத பிள்ளைக்கும் ஒரு முத்திரை இருக்கிறது. உங்கள் வீட்டில் அதற்கு ‘சோம்பேறி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கடைசியாக, அந்தக் கடிதத்தில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.’ உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்றாலும் உளவியல் அறிக்கையின் ஆங்கிலம் வேறு, தயங்காமல் கேளுங்கள். 1974இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த சுமார் 1,800 சீனப் பிள்ளைகளுக்காக அவர்கள் குடும்பங்கள் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தன. 1964 குடிமை உரிமைச் சட்டத்தை வைத்துத்தான் ஜெயித்தார்கள். மொழி தெரியாத பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பள்ளிகள் இன்று செய்துகொடுப்பவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. மகளை மொழிபெயர்க்க உட்கார வைக்க வேண்டாம். தம்பியின் அறிக்கையை அம்மா அப்பாவுக்கு எடுத்துச் சொல்வது அவள் வேலை இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கக் கொஞ்ச நாள் எடுக்கும், அதனால் இந்த வாரமே கடிதத்தை அனுப்பிவிடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் தேதியும் பதிவாகிவிடும்.